தண்ணீரைச் சுமந்து பறந்த எஞ்சின்: மெர்சிடிஸ் டி.3 பற்றி ஓர் எளிய விளக்கம்

முதல் உலகப் போர்க்காலத்து அல்பட்ராஸ் போர் விமானத்தின் புகைப்படத்தைப் பாருங்கள். விமானியின் முகத்துக்கு நேர் முன்னால், வழுவழுப்பான ஒட்டுப்பலகை உடலைப் பிளந்துகொண்டு ஓர் எஃகு வரிசை மேலே துருத்திக்கொண்டிருக்கும். ஆறு சிலிண்டர்களின் தலைகள் அவை. வால்வுகளின் ஸ்பிரிங்குகள் மூடியில்லாமல் வெளியே தெரியும். வலப்பக்கத்தில் புகைக்குழாய் நீண்டிருக்கும். அதுதான் மெர்சிடிஸ் டி.3. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் தயாரித்த, தண்ணீரால் குளிரும் பிஸ்டன் எஞ்சின். 1916 முதல் 1918 வரை ஜெர்மன் போர் விமானங்களில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் பறந்தன.

விமானம் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும். அப்படியிருக்க, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர், அதைச் சுற்றிவர வைக்க ஒரு பம்ப், ஆறவைக்க ரேடியேட்டர், இவற்றை இணைக்கக் குழாய்கள் என்று இவ்வளவையும் ஏன் தூக்கிக்கொண்டு பறந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அந்தக் காலத்து விமான எஞ்சின்களின் கதையில் பாதி புரிந்துவிடும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். டி.3 நாம் ஓட்டும் பெட்ரோல் கார்களைப் போலவே நான்கு வீச்சில் இயங்கும் எஞ்சின். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அதை அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மீண்டும் ஏறும்போது எரிந்த புகை வெளியேறுகிறது. கொள்கையில் புதுமை எதுவும் இல்லை. அளவுதான் வியக்க வைக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டமும் 140 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 160 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 14.8 லிட்டர் வருகிறது. இத்தனை பெரிய எஞ்சின் தொடக்கத்தில் கொடுத்தது 160 குதிரைத்திறன்தான். இன்று ஒன்றரை லிட்டர் கார் எஞ்சினே டர்போ உதவியுடன் அதை எட்டிவிடுகிறது.

அதனால் டி.3-ஐக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இன்றைய கார் எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுகளில் தன் முழுத் திறனைக் காட்டுகிறது. டி.3 சுழன்றது 1,400 சுற்றுகளில். மரத்தாலான பெரிய காற்றாடி நேரடியாக எஞ்சின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது, இடையில் கியர் கிடையாது. அவ்வளவு பெரிய காற்றாடி மெதுவாகச் சுழன்றால்தான் காற்றை நன்றாகப் பிடித்துத் தள்ளும். ஆகவே எஞ்சினும் மெதுவாகவே ஓட வேண்டியிருந்தது. மெதுவாக ஓடும் எஞ்சினிலிருந்து அதிகத் திறன் வேண்டுமென்றால் ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாக இருக்க வேண்டும், பெரிய வெடிப்புக்குப் பெரிய சிலிண்டர் வேண்டும். 1,400 சுற்றில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 700 முறை எரியும், ஆறும் சேர்ந்தால் விநாடிக்கு 70 வெடிப்புகள்.

இங்கேதான் வெப்பம் குறுக்கே வருகிறது. கலவை எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் காற்றாடிக்குப் போய்ச் சேருவது, அக்கால எஞ்சின்களில், தோராயமாக நான்கில் ஒரு பங்குதான். ஒரு பெரும்பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பெரும்பகுதி சிலிண்டர் சுவருக்குள் இறங்கும். அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் மசகெண்ணெய் கருகும், பிஸ்டன் விரிந்து சுவரோடு இறுகும், புகை வெளியேறும் வால்வு பழுத்துச் சிவந்து, பொறி விழும் முன்னரே கலவையைப் பற்றவைத்துவிடும். அந்த நிலையில் எஞ்சின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். எஞ்சின் எவ்வளவு திறன் கொடுக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது எவ்வளவு எரிபொருளை எரிக்கலாம் என்பது மட்டும் அல்ல. எவ்வளவு வெப்பத்தை வெளியே கொண்டுபோக முடியும் என்பதே உண்மையான எல்லை.

அந்த எல்லையைச் சமாளிக்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி சுழல் எஞ்சின். அதில் நடுத்தண்டு விமானத்தோடு அசையாமல் இருக்கும், சிலிண்டர்கள் அனைத்தும் காற்றாடியோடு சேர்ந்து சுழலும். சுழலும் சிலிண்டர்கள் மீது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் தேவையில்லை. பிரான்சின் நோம், லெ ரோன் நிறுவனங்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை. ஜெர்மனியில் ஓபருர்செல் நிறுவனம் அவற்றின் வடிவமைப்பைப் பின்பற்றித் தயாரித்தது. 110 குதிரைத்திறன் கொண்ட ஓபருர்செல் எஞ்சின் எடையில் டி.3-ல் ஏறக்குறைய பாதிதான். ஃபோக்கரின் புகழ்பெற்ற மூவிறக்கை விமானம் அதில்தான் பறந்தது.

பாதி எடை என்றால் ஏன் எல்லோரும் அதையே பயன்படுத்தவில்லை? சுழலும் சிலிண்டர்கள் காற்றைக் கலக்குவதிலேயே திறனின் ஒரு பகுதியை இழந்தன. வேகத்தைக் கூட்டினால் அந்த இழப்பு பல மடங்கு பெருகியது. அவ்வளவு நிறை பம்பரமாகச் சுழல்வதால் விமானம் ஒரு பக்கம் எளிதாகத் திரும்பும், மறுபக்கம் முரண்டுபிடிக்கும். சிலிண்டரைப் பெரிதாக்கினால் இரண்டு தொல்லைகளும் கூடின. இவற்றோடு எண்ணெய்ப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. சுழல் எஞ்சினுக்கு மசகாகப் பயன்பட்டது ஆமணக்கு எண்ணெய். ஒருமுறை எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஆமணக்கு பெருமளவில் விளைந்த இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது, கடல்வழியும் பிரிட்டனின் முற்றுகையில் இருந்தது. ஜெர்மானியர்கள் மாற்று எண்ணெய்களைத் தயாரித்துச் சமாளித்தார்கள். அவற்றால் எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகின.

இரண்டாவது வழி, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடுவது. ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால் தண்ணீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். அதைவிட முக்கியமானது, வெப்பம் அதிகமாகத் தாக்கும் இடத்துக்கே அதை நேராகக் கொண்டுபோகலாம் என்பது. காற்று எட்டாத மூலைகளிலும், வால்வு அமரும் இடத்தைச் சுற்றியும் தண்ணீர் போகும். அதனால் சிலிண்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கலாம். கடைசிச் சிலிண்டருக்குக் காற்று கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. வரிசை எஞ்சின் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒல்லியாக இருக்கும். அல்பட்ராஸின் கூர்மையான மூக்குக்கு அதுவே காரணம். ஆறு சிலிண்டர் வரிசைக்கு மற்றொரு நல்ல குணமும் உண்டு. சில பிஸ்டன்கள் மேலே நகரும்போது மற்றவை கீழே நகர்ந்து அவற்றை ஈடுகட்டுவதால் அதிர்வு மிகக் குறைவு. மரச்சட்டத்தால் ஆன விமானத்துக்கு இது சிறிய சலுகை அல்ல.

இனி டி.3-ன் சிலிண்டருக்கு வருவோம். இந்த எஞ்சினில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். கார் எஞ்சின்களில் எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்ப்பது இன்று வழக்கம். டைம்லர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி. எஃகைக் கடைந்து மெல்லிய சுவருள்ள குழாயாக்கினார்கள். அதன் தலைப்பகுதியும் எஃகுதான். பிறகு மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்து, சிலிண்டரைச் சுற்றி ஒரு சட்டைபோலப் பொருத்தி, விளிம்புகளைப் பற்றவைத்தார்கள். சிலிண்டர் சுவருக்கும் இந்தத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் தண்ணீர் ஓடும். வார்ப்பிரும்பில் இதையே செய்தால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், எடை ஏறிவிடும். எஃகுக்கு வலு அதிகம் என்பதால் சுவர் மெல்லியதாக இருந்தாலும் வெடிப்பைத் தாங்கும். சுவர் மெல்லியது என்பதால் வெப்பமும் அதன் வழியே விரைவாகத் தண்ணீரை அடையும். ஒரு சிலிண்டரில் பழுது வந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இதன் விலை உழைப்பு. ஒவ்வொரு சிலிண்டரிலும் நீளமான பற்றவைப்பு மூட்டுகள். ஒன்றில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் தண்ணீர் கசியும். கைத்திறன் மிக்க பற்றவைப்பாளர்கள் இல்லாமல் இந்த எஞ்சினைத் தயாரித்திருக்க முடியாது. அதே காலத்தில் ஹிஸ்பானோ-சுய்சா நிறுவனத்தின் மார்க் பிர்கிட் நேரெதிர் பாதையில் சென்று, நான்கு நான்கு சிலிண்டர்களை ஒரே அலுமினிய வார்ப்பில் அடக்கிய வி-8 எஞ்சினை (எட்டுச் சிலிண்டர்கள் ‘V’ வடிவில் இரண்டு வரிசையாக நிற்பது) உருவாக்கினார். பிரெஞ்சு ஸ்பாட் விமானங்களின் பலம் அதுதான். பிர்கிட்டின் வழிக்கே எதிர்காலம் இருந்தது என்பது என் கருத்து. ஆனாலும் டைம்லரின் எஃகுச் சிலிண்டரை எதிரிகளும் மதித்தார்கள். பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சினும், அமெரிக்காவின் 400 குதிரைத்திறன் லிபர்ட்டி எஞ்சினும் தனித்தனி எஃகுச் சிலிண்டர், பற்றவைத்த தகட்டுச் சட்டை என்ற இதே முறையில்தான் கட்டப்பட்டன.

இந்த நுட்பம் போருக்காகத் திடீரென்று பிறந்ததல்ல. ஜெர்மனி விமான எஞ்சினில் பின்தங்கியிருப்பதாக உணர்ந்த பேரரசர் இரண்டாம் வில்லியம், 1912 ஜனவரியில் சிறந்த ஜெர்மன் விமான எஞ்சினுக்கு 50,000 மார்க் பரிசு அறிவித்தார். அடுத்த ஆண்டு பென்ஸ் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் முதலிடம் பெற்றது, டைம்லர் இரண்டாமிடம். 1914 ஜூலை 4 அன்று பிரான்சின் லியோனில் நடந்த கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அவற்றின் எஞ்சினிலும் எஃகுச் சிலிண்டர், பற்றவைத்த தண்ணீர்ச் சட்டை, சிலிண்டர் தலைக்கு மேலே ஓடும் கேம் ஷாஃப்ட் என்று விமான எஞ்சினின் அடையாளங்கள் அனைத்தும் இருந்தன. அடுத்த மாதமே போர் மூண்டது.

கேம் ஷாஃப்ட் என்பது வால்வுகளைக் குறித்த நேரத்தில் திறக்கும் தண்டு. டி.3-ல் அது சிலிண்டர்களின் தலைக்கு மேலே கிடையாக ஓடுகிறது. எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு தண்டு அதைச் சுழற்றுகிறது. இரண்டரை லிட்டர் சிலிண்டர்கள் ஆறைக் கையால் காற்றாடியைச் சுற்றி அமுக்குவது எளிதல்ல. அதற்காகவே கேம் ஷாஃப்டில் ஒரு நெம்புகோல் வைத்திருந்தார்கள். அதைத் திருப்பினால் தண்டு சற்று நகரும், புகை வால்வு அமுக்க வீச்சின்போதும் சிறிது திறந்திருக்கும், பாதி அழுத்தம் கசிந்துவிடும். தரைப் பணியாளர் காற்றாடியை இழுத்துச் சிலிண்டர்களில் கலவையை நிரப்பிவிட்டு விலகிக்கொள்வார். விமானி தன் இருக்கையிலிருந்தே சிறிய கை மேக்னெட்டோவை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் உண்டாக்கும் கருவி) சுழற்றிப் பொறிகளை அனுப்புவார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள். ஒன்று செயலிழந்தாலும் வீடு திரும்பலாம்.

தண்ணீரின் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். சூடான தண்ணீரை எங்கே ஆறவைப்பது? அல்பட்ராஸ் டி.1-ல் ரேடியேட்டர்கள் விமான உடலின் இருபுறமும் காதுகளைப்போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவை காற்றைத் தடுத்தன. குண்டு பட்டால் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும் அபாயமும் இருந்தது. அடுத்து ரேடியேட்டரைத் தட்டையாக்கி மேலிறக்கையின் நடுவிலேயே பதித்தார்கள். காற்றுத் தடை குறைந்தது. ஆனால் விமானி அதற்கு நேர் கீழே, சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியேட்டரில் குண்டு பாய்ந்தால் கொதிநீர் அவர் முகத்திலேயே கொட்டும். சண்டையின் நடுவே கண்ணும் கையும் வெந்துபோன ஒருவர் விமானத்தை எப்படி இறக்குவார்? எனவே அல்பட்ராஸ் டி.3 விமானத்தில் உற்பத்தியின் இடையிலேயே ரேடியேட்டரை வலப்பக்கமாக நகர்த்தினார்கள். ஏற்கெனவே போர்முனையில் இருந்த பல விமானங்களிலும் அங்கேயே இந்த மாற்றம் செய்யப்பட்டது. பாலஸ்தீனப் போர்முனையின் வெயிலுக்கு ஒரு ரேடியேட்டர் போதவில்லை, அங்கே பறந்தவற்றுக்கு இறக்கையில் இரண்டு வைத்தார்கள். (எஞ்சினுக்கும் விமானத்துக்கும் டி.3 என்ற ஒரே பெயர் இருப்பது படிப்பவர்களைக் குழப்பும். ஒன்று டைம்லரின் எஞ்சின், மற்றொன்று அல்பட்ராஸின் விமானம்.)

உயரம் செல்லச் செல்லத் தண்ணீருக்கு வேறொரு தொல்லை. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கரில் நடப்பதற்கு நேர் எதிரானது இது. 5,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 83 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்து ஆவியான தண்ணீர் திரும்பி வராது. வெளியே உறைய வைக்கும் குளிர், குழாய்க்குள்ளே கொதிப்பு. இரண்டையும் ஒருசேரக் கவனித்தபடிதான் விமானி மேலேறினார்.

இத்தனைக்கும் ஈடாக டி.3 தந்தது என்ன? 1916 செப்டம்பரில் ஓஸ்வால்ட் பெல்கே தலைமையிலான 2-ஆம் வேட்டைப் படைப்பிரிவுக்கு அல்பட்ராஸ் விமானங்கள் வந்தபோது பதில் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு சுழல் எஞ்சின் பொருத்திய ஒற்றை இறக்கை ஃபோக்கர்களில் பெரும்பாலும் ஒரே இயந்திரத் துப்பாக்கிதான் இருந்தது. 160 குதிரைத்திறன் கிடைத்ததும், காற்றாடியின் இதழ்களுக்கு இடையே சுடும் இரண்டு துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டும் அல்பட்ராஸ் வேகமாகப் பறந்தது. சுடும் வலு இரட்டிப்பானது. மன்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபென் தன் முதல் வெற்றியை 1916 செப்டம்பர் 17 அன்று இந்த வகை விமானத்தில்தான் பெற்றார். பாடப்புத்தகங்கள் விமானிகளின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 1916 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் கை ஓங்கியதற்கு டைம்லரின் பட்டறையும் ஒரு காரணம்.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே 200 குதிரைத்திறன் ஹிஸ்பானோக்கள் வரத் தொடங்கின. டைம்லரோ புதிய போர் விமான எஞ்சினைக் களமிறக்காமல் பழையதையே மெருகேற்றியது. என்ன செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அமுக்க விகிதம் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தையும், மேலே ஏறியபின் மிஞ்சும் இடத்தையும் ஒப்பிடும் எண் அது. முதல் டி.3-ல் அது ஏறக்குறைய 4.5. அதாவது கலவை நாலரையில் ஒரு பங்காகச் சுருங்கும். இன்னும் அதிகமாகச் சுருக்கி எரித்தால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் திறன் கிடைக்கும். அதற்குப் பிஸ்டனின் தலையைச் சற்று உயர்த்தினாலே போதும். டி.3ஏ வகையில் பிஸ்டன் தலையின் வடிவம் மாறியது, திறன் 170 ஆனது. அடுத்த வகையில் தலை மேடானது, திறன் 180-ஐத் தொட்டது. 1918-ல் வந்த கடைசி வகை 200-ஐ நெருங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே எஞ்சின். சுழல் எஞ்சினால் இப்படி வளர முடியவில்லை. கூடுதல் அமுக்கம் என்றால் கூடுதல் வெப்பம், அதை வாங்கிக்கொள்ள அதனிடம் தண்ணீர் இல்லை.

கூடுதல் அமுக்கத்துக்கு ஒரு தடை உண்டு. அளவுக்கு மீறி அமுக்கினால் கலவை சீராக எரியாமல் ஆங்காங்கே தானாகவே வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோன்ற சத்தம் கேட்கும், சிறிது நேரத்தில் எஞ்சின் பாழாகும். அக்காலத்துப் பெட்ரோலுக்கு இதைத் தாங்கும் தன்மை குறைவு. ஆனால் இது அடர்த்தியான காற்றுள்ள தரைமட்டத்துப் பிரச்சினை. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அங்கே எந்தச் சாதாரண எஞ்சினும் மூச்சுத்திணறித் தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். மெல்லிய காற்றை அதிகமாக அமுக்கினாலும் ஆபத்தில்லை.

டைம்லரில் வேலை செய்துவந்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் இந்த உண்மையை முழுமையாகப் பயன்படுத்தினார். 1917 தொடக்கத்தில் அவர் மியூனிக்கின் ராப் எஞ்சின் நிறுவனத்துக்கு மாறினார். அந்த நிறுவனம் அதே ஆண்டு பி.எம்.டபிள்யூ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே அவர் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ 3ஏ எஞ்சின், தோற்றத்தில் டி.3-ன் தம்பி. அதே ஆறு சிலிண்டர் வரிசை, அதே தண்ணீர்க் குளிர்ச்சி. ஆனால் கொள்ளளவு 19 லிட்டருக்கு மேல், அமுக்க விகிதம் 6-க்கு மேல், பிஸ்டன்கள் அலுமினியம். தரைமட்டத்தில் இந்த எஞ்சினை முழுவதுமாகத் திறந்து ஓட்டினால் அது தாங்காது. அதனால் விமானி தாழ்வான உயரத்தில் அதை அடக்கியே ஓட்ட வேண்டும். ஏற ஏறக் காற்று மெலியும், அவர் கார்புரேட்டரைப் படிப்படியாகத் திறந்துகொண்டே போவார். மற்ற எஞ்சின்கள் களைத்துப்போகும் உயரத்தில் இது தன் 185 குதிரைத்திறனுக்கு அருகிலேயே நிற்கும். தரையில் வலுவைக் கட்டிவைத்து மேலே அவிழ்த்துவிடும் இந்த யோசனையை அந்தப் போரின் எஞ்சின் வடிவமைப்பில் மிகச் சிறந்தது என்பேன்.

1918-ல் வந்த ஃபோக்கர் டி.7 இரண்டு எஞ்சின்களிலும் பறந்தது. ரேடியேட்டரைக் காரைப்போல மூக்கிலேயே வைத்த விமானம் அது. மெர்சிடிஸ் பொருத்தியதே நல்ல விமானம்தான், பி.எம்.டபிள்யூ பொருத்தியதோ உயரத்தில் தனி ரகம். விமானிகள் அதையே கேட்டு வாங்க விரும்பினார்கள், ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு எஞ்சின்கள் தயாராகவில்லை. 1918 நவம்பர் 11-ல் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தம், ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் டி.7 வகையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பிறகு விமான எஞ்சின் தயாரிக்க ஜெர்மனிக்குத் தடை விழுந்தது. பி.எம்.டபிள்யூ ரயில் பிரேக்குகளைச் செய்து பிழைத்தது. பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1923-ல் வெளியான அதன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-ஐ வடிவமைத்தவரும் ஃபிரிட்ஸ்தான். அந்த எஞ்சின் 494 சி.சி., எட்டரைக் குதிரைத்திறன், இரண்டே சிலிண்டர்கள். அவற்றை இருபக்கமும் வெளியே நீட்டி, எதிர்க்காற்று நேராகப் படும்படி வைத்தார். அந்தச் சிறிய எஞ்சினின் வெப்பத்துக்கு அந்தக் காற்றே போதும் என்பதால் அதில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை.